கொக்குகளும் கடுதாசிகளும்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பரண்மேல் இருந்த சாமான்களை இறக்கியபோது அம்மாவின் தகரப் பெட்டியும் இறங்கியது. அதற்குள் அண்ணன் பிரான்சிலிருந்து எழுதிய கடிதங்கள் இருந்தன. ஆண்டு வாரியாகப் பிரித்து, புடவைக் கரையைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் படித்துக் காட்டுவது என் வேலை. ஆனாலும் எந்தக் கட்டு எந்த வருடத்தது என்பது அவருக்கு எப்படியோ தெரியும்.

1968ஆம் வருடக் கட்டு மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த மே மாதம் பிரான்சில் மாணவர்கள் கிளம்பி, பிறகு தொழிலாளர்கள் கிளம்பி, நாடே வேலைநிறுத்தத்தில் நின்றது. தபால்காரர்களும் நின்றார்கள். அண்ணன் அப்போது பிரெஜுஸ் ஊர் முகாமில் சொல்தா. 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். இருபது வயது அண்ணன் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பதினொன்று. அப்பா இல்லை. அம்மா கைநாட்டு வைக்கவில்லை. அதனால் ஒரு வீட்டில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர். இதைப்பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

பாரீசில் தெருக்கல்லைப் பெயர்த்து எறிகிறார்கள், கார்களைக் கொளுத்துகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடிதம் இல்லை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். ஜூன் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மே மாதம் இரண்டாவது வாரம் எழுதி எங்கோ மாட்டிக்கொண்டிருந்த கடிதம். உறையைப் பிரித்து நான் படிக்க ஆரம்பித்தேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் ஆனதும், பாதிக் கடிதம் கொக்குகளைப் பற்றி இருந்தது. முகாமில் டெலிவிஷன் இருக்கிறது, ராத்திரிச் செய்தி முடிந்ததும் உருண்டை உடம்பும் குச்சிக் காலுமாகக் கொக்கு மாதிரி ஏதோ வருகிறது, நாள் முழுக்கப் பம்பு அடிக்கிறது, ஒருத்தன் சாமியாடி மாதிரிக் குரலில் கதை சொல்கிறான், சொல்தாக்களில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பாதிப் பேர் அணைக்கச் சொல்கிறார்கள், நேற்று இதனால் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார்.

அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஊரே பத்தி எரியுது, இவன் கொக்குக் கதை எழுதறானா? நல்லாப் படிடா, வேற ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை. 

அந்தக் கொக்குகளின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். அவற்றின் பெயர் ஷாதோக்.

அந்தக் காலப் பிரான்சு டெலிவிஷனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போதுபோல் நூறு சானல் கிடையாது. அரசாங்க நிறுவனம் ஒன்றே ஒன்று, ஓ.எர்.தே.எஃப். என்று பெயர். அதற்கு இரண்டு சானல். இரண்டாவது 1964இல்தான் வந்தது. பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். நம் ஊரில் ரேடியோவுக்கு லைசென்சு கட்டினோமே, அதைப்போல. பொருள்களுக்கான விளம்பரம் 1968 அக்டோபரில்தான் தொடங்கியது. எட்டு மணிச் செய்தி முடிந்து எட்டரை மணி வாக்கில், சாப்பாட்டு மேசையில் தாத்தா, பாட்டி, குழந்தை, வந்த விருந்தாளி என்று எல்லோரும் ஒரே பெட்டியின்முன் இருப்பார்கள். அந்த நேரத்தில் போடுவது எதுவானாலும் அது ஒரு நாட்டின் நடுக்கூடத்தில் போடுவதுதான்.

அந்த நேரத்தில்தான் 1968 ஏப்ரல் 29ஆம் தேதி இந்த ஷாதோக்குகளை இறக்கினார்கள். இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று. நடிகர் கிடையாது, கோட்டுச் சித்திரம். வரைந்தவர், எழுதியவர் ழாக் ரூக்ஸெல். சிறு வயதில் நியூயார்க்கில் வளர்ந்து அங்கே உள்ள பிரெஞ்சு லிசேயில் படித்தவர். பிறகு பாரீசில் பெரிய வணிகக் கல்லூரியில் பட்டம் பெற்று விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். (சொந்த நாட்டுக்கு வெளியே உள்ள பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஒரு தனிக் கோணல் புத்தி உண்டு என்பது என் அபிப்பிராயம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

இடம் கொடுத்தவர் பியேர் ஷேஃபர். இவர் ஒலிகளை நாடாவில் பதிந்து வெட்டி ஒட்டிப் புது வகை இசை செய்தவர். ஓ.எர்.தே.எஃப்.இல் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்றை நடத்திவந்தார். அங்கே ழான் தெழூ என்பவர் குறைந்த படங்களை வைத்துச் சித்திரத்தை அசைய வைக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அந்தக் கருவிக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே! தொடக்கத்தில் அதைக்கொண்டு செய்து பார்த்தார்கள், பிறகு வழக்கமான முறைக்கே போய்விட்டார்கள். அரசாங்கத்தில் ஒரு மிஷினை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு அதற்கு வேலை தேடுவது எங்கும் உள்ளதுதான்.

கதை இதுதான். ஆகாயத்தில் இந்தப் பக்கம் ஒரு கிரகம், அந்தப் பக்கம் ஒரு கிரகம், நடுவில் பூமி. ஒன்றில் ஷாதோக்குகள். அவர்கள் கிரகம் ஒரு வடிவத்தில் நிற்காது, மாறிக்கொண்டே இருக்கும், இருப்பவர்கள் உருண்டு விழுவார்கள். இன்னொன்றில் ழிபிகள். அவர்கள் கிரகம் தட்டை. ஒரு பக்கம் ஆள் கூடினால் சாயும். ஆகவே இரண்டு கூட்டமும் பூமிக்குக் குடிபோக நினைக்கிறது. ழிபிகள் தலையில் வட்டத் தொப்பி, மூளையே அதில்தான், தொப்பி போனால் புத்தி போச்சு. ஷாதோக்குகளுக்கு மூளையில் நாலே அறை. பாஷைக்கும் நாலே எழுத்து: கா, பூ, ஸோ, மெ. எண்ணுவதும் அதே நாலில்தான். பின்னாளில் பள்ளிக்கூட வாத்தியார்கள் நான்கடிமான எண் முறையைச் சொல்லித்தர இதைப் பயன்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமிக்குப் போக ராக்கெட் வேண்டும், ராக்கெட்டுக்கு எரிபொருள் வேண்டும், அதற்காக ஷாதோக்குகள் பம்பு அடிக்கிறார்கள். காலையில் அடிக்கிறார்கள், மாலையில் அடிக்கிறார்கள். வருகிறதோ இல்லையோ அடிக்கிறார்கள். ராக்கெட் கிளம்புவதில்லை. பத்து லட்சத்தில் ஒரு முறைதான் வெற்றி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அப்படியானால் மிச்சத் தோல்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகமாகத் தோற்கிறார்கள். இதையெல்லாம் குளோது பியேப்ளு என்ற நாடக நடிகர் துளியும் சிரிக்காமல், அரசிதழ் வாசிப்பதுபோல் வாசிக்கிறார். அந்தக் குரல்தான் பாதி விஷயம். இப்போது கேட்டாலும் எனக்கு எங்கள் பழைய சூப்பிரண்டெண்டு சுற்றறிக்கை படிப்பது நினைவுக்கு வருகிறது.

ஒரு வாரம் போனது. கடிதங்கள் வர ஆரம்பித்தன.

ஒரு சின்னச் சித்திரத் தொடருக்கு அதுவரை அந்த நாட்டில் அப்படிக் கடிதம் வந்ததில்லை. ஆயிரக்கணக்கில் வந்தது. முக்கால்வாசி வசவு. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். பார்ப்பவனை முட்டாள் என்று நினைத்துச் செய்கிறார்கள் என்றார்கள். இதற்கா கட்டணம் கட்டுகிறோம் என்றார்கள். அந்தக் குரலை நிறுத்து என்றார்கள். எதிர்ப்பக்கத்தில், கடைசியில் இந்தப் பெட்டியில் ஒரு புத்திசாலித்தனமான விஷயம் வந்தது, ஒருநாளும் நிறுத்தாதே என்றவர்களும் இருந்தார்கள். நடுவில் நின்றவர்தான் இல்லை. ஷாதோக் பிடித்தவர், பிடிக்காதவர் என்று நாடு இரண்டாகப் பிரிந்தது என்று பிரெஞ்சுக்காரர்களே இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது தேதிதான். ஏப்ரல் 29 அன்று தொடங்கிய தொடர். மே 3ஆம் தேதி சோர்போனில் போலீசு நுழைந்தது. மே 10 இரவு தடுப்பரண்கள். அதாவது ஒரு பக்கம் தெருவில் கல் பறக்கிறது; இன்னொரு பக்கம் வீட்டில் உட்கார்ந்து கொக்குப் படத்தை நிறுத்து என்று ஒருவர் கடிதம் எழுதுகிறார். நாற்பது ஐம்பது வயதுக் குடும்பஸ்தர் ஒருவர் அந்த மாதம் எதைக் கண்டு பயந்தார் என்று கேட்டால், மாணவர்களையும் கண்டார், கொக்குகளையும் கண்டார். இரண்டும் அவருக்கு ஒன்றாகவே பட்டிருக்கும். மரியாதை இல்லாமல் ஏதோ ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மாணவனுக்குக் கடிதம் எழுத முடியாது. டெலிவிஷனுக்கு எழுதலாம், விலாசம் இருக்கிறது.

பிறகு டெலிவிஷன்காரர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஷாதோக்குகளும் நின்றன. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு பத்திரிகையாளர் பலரை வெளியே அனுப்பினார்கள். செப்டம்பரில் கொக்குகள் மட்டும் திரும்பி வந்தன. செய்தி வாசித்தவர்கள் போய்விட்டார்கள், பம்பு அடித்தவர்கள் வந்துவிட்டார்கள். 

கடிதங்களும் திரும்பத் தொடங்கின. அப்போது அவர்கள் செய்த காரியம்தான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். வந்த கடிதங்களைக் கட்டிக் கிடங்கில் போடாமல் 1969இல் அவற்றை வைத்தே ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். 'பிரெஞ்சுக்காரர்கள் ஷாதோக்குகளுக்கு எழுதுகிறார்கள்' என்பது அதன் பெயர். ழான் யான் என்ற நகைச்சுவை நடிகரும் தானியேல் பிரெவோ என்பவரும் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்து வாசிப்பார்கள். திட்டுகிற கடிதங்களைத்தான் விரும்பி வாசிப்பார்கள். ழான் யானுக்கு அகன்ற முகம், எதற்கும் அசையாத ஒரு சலிப்பு. ஒருவர் கோபத்தின் உச்சத்தில் எழுதியதை அவர் அந்தச் சலிப்போடு நிறுத்தி நிதானமாகப் படித்தால், எழுதியவரே ஒரு ஷாதோக் ஆகிவிடுவார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த விதம் இங்கே ஞாபகம் வருகிறது. பிரெஞ்சில் யாருக்கு எதை எழுதினாலும் முடிவில் ஒரு நீண்ட வாக்கியம் உண்டு. ஐயா, எனது மேலான மதிப்பின் உறுதியை ஏற்றருள வேண்டுகிறேன் என்கிற மாதிரி. எதிராளியின் பதவிக்கு ஏற்ப அந்த வாக்கியம் ஏறும், இறங்கும். தப்பாகப் போட்டால் எங்கள் முசியே மார்க்கு குறைப்பார். ஒருவரை முட்டாள், சோம்பேறி, பொதுப்பணத்தை வீணடிப்பவர் என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டினாலும், கீழே மேலான மதிப்பைத் தெரிவித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எழுதியவர் சிரிக்க எழுதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பேரன் கணினியில் எடுத்துக்கொடுத்து, அந்தக் கடித நிகழ்ச்சியின் துண்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது நன்றாகச் சிரித்தேன். இரண்டாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று பேரன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

நான் அரசுப் பணியில் சேர்ந்து முதல் எட்டு வருடம் தபால் பிரிவில் இருந்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். வருகிற தபாலைப் பிரிப்பது, முத்திரை குத்துவது, எண் போடுவது, எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவது என் வேலை. 1981இல் என்று நினைக்கிறேன், ஒரு பெரியவரிடமிருந்து வாரம் தவறாமல் 15 காசுக் கார்டு வரும். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் அடிபம்பு கெட்டுவிட்டது. அடித்தால் காற்றுதான் வருகிறது, பெண்பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்ச் சண்டை போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எழுதுவார். பம்புக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அவர்கள் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அது சில வாரம் கழித்து எங்களுக்கே திரும்பி வரும். நாங்கள் மறுபடியும் எண் போடுவோம். (பிரெஞ்சில் இப்படிப்பட்ட அலுவலக வேலைக்கு 'ஷாதோக்தனம்' என்ற பொருளில் ஒரு சொல்லே நிலைத்துவிட்டது.)

அந்தப் பெரியவரின் தமிழ் அலாதியானது. அலுவலகத் தமிழும் நாட்டுப்புறத் தமிழும் பழைய பிரெஞ்சு மனு வாசகமும் கலந்திருக்கும். "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்து, நடுவில் "எவன் வீட்டுக் காசு" என்று கேட்டு, "அடியேன்" என்று முடிப்பார். மாலை டீ வந்ததும் நான் அந்த வாரக் கார்டை எடுத்து அவர் குரல் எப்படி இருக்கும் என்று நானே கற்பனை செய்துகொண்டு உரக்கப் படிப்பேன். எட்டு மேசையும் சிரிக்கும். சில வாரம் அடுத்த பிரிவிலிருந்தும் கேட்க வருவார்கள். சூப்பிரண்டெண்டுகூட உள்ளேயிருந்து, "இன்னிக்குக் கார்டு வந்துதா?" என்பார். எனக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது. அம்மாவுக்குப் படித்துப் படித்து வந்த பழக்கம்.

ஒருநாள் அப்படிப் படித்து முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசல் கதவருகில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் செருப்பு. கறுத்து மெலிந்த மனிதர். நான் நினைத்திருந்த குரல் அவருக்கு இல்லை. மிகவும் மெதுவாகப் பேசினார். 

"தம்பி, இந்த வாரம் நேர்ல குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். தேதி போட்டு ஒரு முத்திர குத்திக் குடுப்பீங்களா?" 

குத்திக் கொடுத்தேன். கை நடுங்கியதில் முத்திரை கோணலாக விழுந்தது. அவர் அதை மடித்து பனியனுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவரிடமிருந்து கார்டு வரவில்லை. பம்பு சரியானதால் நின்றதா, நான் படித்ததால் நின்றதா தெரியாது. அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். சைக்கிளில் பத்து நிமிஷம். நான் போகவில்லை.

ழான் யான் படிக்கும்போது நான் நிறுத்தியது இதனால்தான். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் செய்தது வேறு, நான் செய்தது வேறு. அவர் ஒளிந்து படிக்கவில்லை. ஷாதோக்கைத் திட்டிய கடிதத்தை ஷாதோக் வரும் அதே பெட்டியில், நாடு முழுக்கக் கேட்கும்படி படித்தார். நிகழ்ச்சியை எதிர்த்தவர்களின் வாதங்களும், கிண்டலோடுதான் என்றாலும், வெளியே வந்தன. அரசாங்க நிறுவனம் ஒன்று தன்மேல் வந்த வசவைத் தானே வாசித்தது என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. அதுவும் மே மாதத்துக்குப் பிறகு, செய்தியில் யார் என்ன பேசலாம் என்று மேலிடம் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில். மறுபக்கத்தையும் சொல்கிறேன். எழுதியவர் பதில் பேச முடியாது. ழான் யான் கையில் மைக்கு இருக்கிறது, அவர் கையில் ஒரு பேனா இருந்தது, அதுவும் முடிந்துபோனது. பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இரண்டே சானல், கட்டணம் அவர் காசு. புரியாததைப் புரியவில்லை என்றுதானே எழுதினார்? புரிந்தவர்கள் சேர்ந்து சிரித்தார்கள். ஷாதோக்கை நான் ரசிக்கிறவன்தான். ஆனால் ரசிக்காதவர் எல்லோரும் மூளையில் நாலு அறை உள்ளவர் என்று இன்றுவரை எழுதுகிற ரசிகர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

நம் பக்கம் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. புதுவையில் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, ஏரியலைச் சென்னைப் பக்கம் திருப்பி, காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறி "இப்ப தெரியுதா?" என்று கத்துவார். அதிலும் நேயர் கடிதங்களுக்கென்று 'எதிரொலி' என ஒரு நிகழ்ச்சி வந்தது நினைவிருக்கும். அங்கே யாரையும் கிண்டல் செய்யவில்லை. கடிதத்தைப் படிப்பார்கள், மரியாதையாக ஒரு பதில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து நாங்களே கிண்டல் செய்வோம். ஆனால் கடிதம் எழுதிய ஒருவர் தன் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார் என்பது அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் அண்ணன். 2004 ஏப்ரலில் ழாக் ரூக்ஸெல் இறந்துபோனார். ஷாதோக்குகள் அதற்குள் 1970களில் ஒரு சுற்று வந்து, 2000இல் கானல் பிளுஸ் சானலில் மறுபடியும் வந்திருந்தன. அதே குளோது பியேப்ளு, அதே குரல். ஒரு காலத்தில் நிறுத்தச் சொன்ன நாடு இப்போது அதைப் பொக்கிஷம் என்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்த அண்ணன், "டேய், அந்தக் கொக்குக்காரன் போய்ட்டான்டா" என்றார். அம்மா திட்டியதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதுதான் சொன்னார்.

"நானும் ஒரு கடுதாசி போட்டேன் தெரியுமா? அறுபத்தொம்போதுல. அப்ப முகாமுக்கு வெளிய வீடு எடுத்துட்டோம், உங்க அண்ணிக்குப் பொழுது போகலன்னு டிவி வாடகைக்கு எடுத்தேன். காசு கட்டறமேன்னு எழுதினேன்."

"என்னண்ணே எழுதினீங்க?"

"நிறுத்தச் சொல்லித்தான். ராத்திரியில சாப்பிடற நேரத்துல வேலையத்த வேலையா இருக்குன்னு. பிரெஞ்சுல தப்பு வந்துடக் கூடாதுன்னு மூணு தடவ எழுதிப் பாத்து அனுப்பினேன்."

படித்தார்களா என்று கேட்டேன். அந்த நிகழ்ச்சி வரும்போதெல்லாம் அண்ணியைப் பேசவிடாமல் உட்கார்ந்து பார்த்தாராம். படிக்கவில்லையாம். ழான் யான் படித்தால் கிண்டல் செய்வான் என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன் என்றார். இருபத்தேழு வயது, வந்து சில வருடமே ஆன ஊர், தோல் கறுப்பு, பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆளில்லாத முகாம். அங்கே இருந்துகொண்டு நானும் இந்த நாட்டில் கட்டணம் கட்டுகிறேன், எனக்கும் இது பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நாட்டோடு சேர்ந்து அவரும் சண்டை போட்டிருக்கிறார். இதை முப்பத்தைந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. 

"படிச்சிருந்தா உனக்கு எழுதியிருப்பேன்" என்றார். "அம்மாகிட்ட மட்டும் படிச்சுக் காட்டாதன்னு எழுதியிருப்பேன்."

1969ஆம் வருடக் கட்டையும் இப்போது பிரித்துப் பார்த்தேன். பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. டெலிவிஷன் வாடகைக்கு எடுத்த செய்தி ஒன்றில் இருக்கிறது, மாத வாடகையோடு. இந்தக் கடிதத்தைப் பற்றி எதிலும் இல்லை. பேரன் எடுத்துக்கொடுத்த ழான் யான் துண்டுகளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து வருகிறேன், இந்தத் தடவை நிறுத்தாமல். எழுதியவர் பெயர் வராவிட்டாலும் அண்ணனின் பிரெஞ்சு எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த முசியே ஒருவரே. கடைசி வாக்கியத்தில் நாங்கள் செய்கிற தப்பும் ஒன்றே. இதுவரை வரவில்லை.